முதுகு வலியும் சாயங்காலக் காய்ச்சலும்

இன்று காலை சித்தூரிலிருந்து திருப்பதிக்கு பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டில் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தார்.

"மாம்பழ ஃபேக்டரில டப்பா தூக்கி இடுப்பு புடிச்சிக்கிச்சுண்ணா. ஒரு மாசமா வலி மாத்திரைதான் துன்னுக்கினு இருக்காரு. இன்னிக்கிதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்" என்றார் மனைவி.

போன வருடம் நானும் இப்படித்தான் கிடந்தேன். அதனால் கேட்டேன்.

"படுத்தாலும் வலிக்குதாம்மா? ஜொரம் வருதா?"

"சாயங்காலம் ஆனா குளுருது. சக்கரை இருக்குது, கால் புண்ணு ஆறல. அதனாலன்னு நெனச்சோம்."



"புண்ணுல இருக்கிற கிருமி ரத்தத்துல போயி முதுகெலும்பு டிஸ்க்குல உக்காந்துக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. டாக்டர்கிட்ட ஜொரத்தையும் புண்ணையும் மறக்காம சொல்லுங்க" என்று என் நம்பரைக் கொடுத்தேன்.

மாலையில் அந்த மனைவியே போனில் கூப்பிட்டார்.

"ஸ்கேன்ல டிஸ்க்குல சீழ்னு சொல்லிட்டாங்கண்ணா. ஊசி வுட்டு எடுத்து, எந்தக் கிருமின்னு பாத்து மருந்து ஏத்துவாங்களாம். நல்லவேளை, கால் வெளங்காம போறதுக்குள்ள வந்தீங்கன்னாங்க. நடப்பாரு இல்ல?"

"வாரக்கணக்குல மருந்து ஏறணும்மா. பொறுத்துக்கினா நடப்பாரு. நான் நடக்கறேனே."

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

ஒருவருக்கு நோய் இருக்கிறது என்று கேட்டு நான் நிம்மதியாக மூச்சுவிட்டது இதுதான் முதல்முறை. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?