சர்வருக்கும் லீவு உண்டு

இன்று மெஷின்களைக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜை. கொல்கத்தாவின் கார்டன் ரீச்சில் எல்லா மெஷினுக்கும் லீவு, எங்கள் ஆபீஸ் சர்வர்களைத் தவிர.

நான்கு சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸைச் சுமக்கின்றன. ஒன்று நின்றால் அதன் வேலையை மற்ற மூன்றும் தானாக எடுத்துக்கொள்ளும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். பலமுறை சோதித்துக் காட்டியும் மேனேஜர் ராகவன் சாருக்கு நம்பிக்கை இல்லை.

"பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து பாத்துக்கணும்மா" என்பார். அந்த ஆள் நான்தான். துர்கா பூஜைக்குக்கூட எனக்கு லீவு கிடையாது.

காலையில் புரோகிதர் பூவோடு வந்து, "மெஷின் பொந்தோ கொருன்" என்று வங்காளியில் மெஷினை நிறுத்தச் சொன்னார். ஓடுகிற மெஷினுக்குப் பூஜை செய்ய மாட்டாராம்.

"அதெல்லாம் முடியாது. மானிட்டருக்குப் பொட்டு வெக்கச் சொல்லி அவரை அனுப்பிடு" என்றார் சார்.

நான் முதல் சர்வரை நிறுத்தினேன்.

சார் போனுக்குப் பக்கத்தில் ஓடிப்போய், வாடிக்கையாளர்களிடம் திட்டு வாங்கத் தயாராக நின்றார். ஒன்றை ஓடவிட்டு அடுத்ததை நிறுத்தி, நான்குக்கும் பூஜை முடிந்தது, பிரசாதமும் தீர்ந்தது. ஒரு போன்கூட வரவில்லை.

"ஏம்மா, நீ பதறி ஓடவே இல்லையே?"

"டேட்டாபேஸ்தான் ஓடுதே சார். நான் எதுக்கு ஓடணும்?"

துர்கா பூஜைக்கு லீவு கேட்கவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் ஆபீசில் ஓடுவது மெஷினா, நீங்களா?