நீளம் குறைந்தால் சேமிக்காதே

வன்னியில் இன்று மின்சாரம் நின்றாலும் எவருடைய கடிதமும் அழிவதில்லை என்றால் அதற்குக் காரணம் நான்தான். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். வன்னி முழுவதும் இல்லை, கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால் உள்ள ஒரு கடை. கடை முழுவதும்கூட இல்லை, அதிலுள்ள ஒரு கணினி. அந்தக் கணினியைத் தானாகச் சேமிக்கப் பழக்கியவளும் நானில்லை, சாரங்கா. நான் பக்கத்துக் கதிரையில் இருந்து ஆங்கிலம் விளங்கப்படுத்தினேன். இந்தச் சின்னத் திருத்தங்களை ஒதுக்கிவிட்டால் முதல் வசனம் முழுக்க உண்மை.

சாரங்காவுக்கு முப்பத்தாறு வயது. கடைப் பலகையில் 'தட்டச்சு, போட்டோக்கொப்பி, லமினேற்றிங்' என்று எழுதியிருக்கிறது. உண்மையில் அங்கே நடப்பது மனு எழுதுவது. காணி, வீதி, வாய்க்கால், ஆசிரியர் இடமாற்றம், அயல்வீட்டுக்காரரின் மாமரம் என்று எதைப் பற்றியும் எந்த அலுவலகத்துக்கும் அவள் எழுதுவாள். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மணி அடிக்கும்வரை அவளுடைய கடையில்தான் இருப்பேன். இந்தக் கட்டுரையையும் நான் கையால் எழுதிக் கொடுக்க, அவளே தட்டச்சுச் செய்கிறாள். ஆகவே அவளைப் பற்றிக் கெட்டதாக எதையும் எழுத வழியில்லை. எழுதினாலும் பிழைதிருத்தம் என்ற பெயரில் அது காணாமற் போய்விடும்.

அவள் பிறந்தது ஜெயபுரத்தில். பள்ளிக்கூடம் படித்தது, கணக்குப் பார்த்தால், ஒன்பது ஊர்களில். பிறப்புச் சான்றிதழ் ஒரு பதுங்குகுழியில் நின்றுவிட்டது. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு உழவு இயந்திரப் பெட்டியில் மழையோடு கரைந்தது. அவள் உயிரோடு இருப்பதையும் பிறந்திருப்பதையும் அலுவலகங்களுக்கு நிரூபிக்க அவளுக்கு மூன்று வருடம் எடுத்தது. அதன்பிறகு எதற்கும் இரண்டு பிரதி எடுப்பாள். தன் கல்யாண அழைப்பிதழையே சமாதான நீதவானிடம் கொண்டுபோய் அத்தாட்சிப்படுத்தி வைத்திருக்கிறாள் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையைச் சொன்னது நான்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த எதிரி மின்சாரம். கிளிநொச்சியில் மின்சாரம் நிற்பதற்குக் காரணம் கேட்கக்கூடாது. கேட்டால் மயில் கம்பியில் இருந்தது என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் வன்னியில் இதுவரை ஒரு மயிலும் மிஞ்சியிருக்க முடியாது. கடையில் மின்கலம் வைத்த பெட்டி ஒன்றும் உண்டு. மின்சாரம் நின்றதும் அது ஒருதரம் 'கீக்' என்று அஞ்சலி செலுத்திவிட்டுத் தானும் நின்றுவிடும்.

அவளுடைய கணினி பழையது. பெரிய மென்பொருளைத் திறந்துவிட்டு நாயாற்றுக்குப் போய் மீன் வாங்கி வந்தாலும் அது திறந்துகொண்டேயிருக்கும். அதனால் வெறும் எழுத்தை மட்டும் தட்டுகிற ஒரு சின்ன எடிற்றரில்தான் எழுதுவாள். அதற்குத் தானாகச் சேமிக்கத் தெரியாது. ஆனால் தேவையானதை நீயே ஸ்கிரிப்ட் என்ற கட்டளைக்குறிப்பு எழுதிச் சேர்த்துக்கொள் என்று ஒரு வாசல் திறந்து வைத்திருந்தது. விமலேஸ்வரி என்பவரின் காணி மனு மூன்றாம் முறையாகப் பாதியில் இருட்டுக்குள் போன அன்று சாரங்கா அந்த வாசலுக்குள் நுழைந்தாள்.

உதவிக் குறிப்பு முழுவதும் ஆங்கிலம். நான் வாசித்தேன்.

"இஃப் எண்டால் தெரியும்தானே பிள்ளை. இப்பிடி இருந்தால் எண்டு அர்த்தம். எல்ஸ் எண்டால், இல்லாட்டி."

"அது எனக்கு விளங்குது ரீச்சர். அந்தச் சிமிக்கி மாதிரி வளைஞ்ச அடைப்புக்குறி ஏன் எண்டு சொல்லுங்கோ."

அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "அது ஆங்கில மரபு" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் குறைவாகக் கேட்டாள்.

முதல் ஸ்கிரிப்ட் வினாடிக்கு ஒருதரம் சேமித்தது. கணினி மூச்சு வாங்கிய சத்தம் தண்ணீர்த் தாங்கி வரைக்கும் கேட்டது. ஒரு எழுத்துத் தட்டினால் அது திரையில் தெரிய ஒரு தேவாரம் பாடி முடிக்கலாம். இடைவெளியை இரண்டு நிமிடமாக்கினாள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் நேரத்தைப் பெயராக வைத்து இன்னொரு பிரதியை கணினிக்குள்ளேயே வேறொரு பெட்டகத்தில் போடும்படியும் எழுதினாள். இரண்டு பிரதி இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இரண்டு கிழமை எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஞானேஸ்வரி அக்கா வந்தார். அவருடைய நான்கு பக்க மனுவை எழுத்தின் அளவு மாற்றுவதற்காகச் சாரங்கா முழுவதுமாகத் தெரிவுசெய்த நேரம், அக்கா தன் கைப்பையை விசைப்பலகையின்மேல் வைத்தார். நான்கு பக்கமும் மறைந்து, அந்த இடத்தில் ஒரு வரி 'ககககக' வந்தது. ஸ்கிரிப்ட் கடமை தவறாமல் அதைச் சேமித்தது. அடுத்த நொடி எங்கேயோ ஒரு மயில் கம்பியில் இருந்தது. பெட்டகத்துப் பிரதியில் இருந்து மனுவை மீட்டுவிட்டாள் என்றாலும் சாரங்காவின் மானம் போய்விட்டது. தான் பெற்ற பிள்ளை திருடனுக்குக் கதவு திறந்துவிட்டது போல இருந்ததாம்.

"இனி இது நடக்கக்கூடாது" என்று சொல்லி ஒரு விதி எழுதிச் சேர்த்தாள். ஏற்கெனவே சேமித்ததைவிட எழுத்தின் நீளம் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தால் சேமிக்காதே, பழையதையே வைத்திரு. அப்படி நடந்தால் திரையின் அடியில் ஓர் எச்சரிக்கை வரும். அலுவலகக் கடிதங்களில் முக்கியமானதை அடியில் சின்ன எழுத்தில் போடும் வழக்கம் அவளுக்கும் வந்துவிட்டிருந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் மனுவின் இலட்சணத்தைச் சொல்லவேண்டும். இங்கே எவரும் கடைக்கு வந்து கதிரையில் இருந்தவுடன் விடயத்தைச் சொல்வதில்லை. முதலில் ஏசவேண்டும். அதிகாரியை, அவருக்கு முன்பிருந்த அதிகாரியை, அவரைப் பெற்றவர்களை, மழையை, கிரகத்தை எல்லாம் ஏசி முடித்தபிறகுதான் என்ன நடந்தது என்று அவர்களுக்கே நினைவு வரும். சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். "எழுது பிள்ளை, இதையும் எழுது" என்பார்கள். சாரங்கா ஒரு சொல் விடாமல் தட்டச்சுச் செய்வாள். திரையில் தங்கள் கோபம் வரிவரியாக ஏறுவதைப் பார்த்ததும் ஆட்கள் ஆறிவிடுவார்கள். பிறகு மேலே உள்ள விலாசத்தையும் கீழே உள்ள 'தங்கள் பணிவான' என்பதையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ளதை முழுவதும் அழித்து, 'மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்' என்று தொடங்கி நான்கு வரியில் முடிப்பாள். எது மேற்படி விடயம் என்று மேலே எங்கும் இராது. அதுதான் பணிவு.

அந்தப் புது விதி எழுதிய மறுநாள், வெள்ளிக்கிழமை, வீரகத்தி வந்தார். ஜெயபுரத்துக் கமக்காரர். அவருடைய வயல் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் விடும் குழாய் வெடித்து இரண்டு போகமாக இரண்டு ஏக்கரும் தரிசு. மழைக்கால விதைப்பான காலபோகத்துக்கு முன் எந்தெந்தத் திருத்தவேலை நடக்கும் என்று நீர்ப்பாசன அலுவலகத்தின் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். வெள்ளி மதியம் பன்னிரண்டுக்கு முன் மனு போய்ச் சேராவிட்டால் இந்தப் போகமும் இல்லை. ஏற்கெனவே ஆறு மனு கொடுத்திருந்தார். ஆறும் பணிவானவை. ஒன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லை.

"இந்தமுறை விடமாட்டன் பிள்ளை. எழுது" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"சொல்லுங்கோ மாமா."

"பாலைமரத்துக்குக் கிழக்கால மூண்டாவது குழாய். அது வெடிச்சு ரெண்டு போகம். அதால போற தண்ணியில எருமை குளிக்குது, என்ர வயல் காயுது. எருமைக்கு மனு எழுதத் தெரியுமோ? எனக்குத் தெரியும், ஆறு எழுதினனான். பங்குனி பதினேழாம் திகதி வாறன் எண்டவன் அந்த அதிகாரி, வந்தவனோ? வரேல்ல. சித்திரையில ஆளை அனுப்புறன் எண்டவன். அந்த ஆள் ரெண்டாவது குழாயைப் பாத்திட்டு நல்லாத்தான் இருக்கு எண்டு போயிட்டான். நல்லா இருக்கிற குழாயைப் பாக்க ஒரு ஆள், ஒரு மோட்டார் சைக்கிள்."

இப்படி இரண்டு பக்கம். நடுவில் வெற்றிலை துப்ப ஒருமுறை வெளியே போய் வந்து, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். முடிந்ததும் முகம் துடைத்துக்கொண்டு, "சரி, இனி நீ வழமையா எழுதுறதை எழுது" என்றார்.

சாரங்கா அழித்தாள், நான்கு வரி எழுதினாள். ஸ்கிரிப்ட் பார்த்தது. இரண்டு பக்கம் நான்கு வரியாகிவிட்டது. யாரோ கைப்பையை வைத்துவிட்டார்கள் என்று அதற்குப் பட்டிருக்கவேண்டும். சேமிக்கமாட்டேன் என்று திரையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் அறிவித்தது. மூவரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பதினொன்று ஏழுக்கு மின்சாரம் நின்றது.

"பயப்பிடாதேங்கோ மாமா. எல்லாம் தன்பாட்டில சேவ் ஆகியிருக்கும்" என்று சாரங்கா பெருமையோடு சொன்னாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

மின்சாரம் வந்தபோது பதினொன்று முப்பத்தெட்டு. கடைவாசலில் ஏழெட்டுப் பேர். கோப்பைத் திறந்து, மேலே விலாசம் இருப்பதைப் பார்த்ததும் அச்சிடக் கொடுத்தாள். ஒரு பக்கமாக வரவேண்டிய கடிதம் இரண்டு தாளாக வந்தது. அவசரத்தில் ஒன்றைப் பிரதி என்று நினைத்திருக்கிறாள். மேலே கிடந்த தாளின் கடைசியில் 'தங்கள் பணிவான' இருந்தது. அதன்கீழ் வீரகத்தி கையெழுத்திட்டார். மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். தாள் இரண்டு என்று கண்டதும் அவருக்கு மகிழ்ச்சி.

"இந்தமுறை கொஞ்சம் கனதியாத்தான் எழுதியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்தார்.

பன்னிரண்டரைக்குச் சாரங்கா கோப்பை மூடப் போனவள் திரையை வாசித்தாள். என் பக்கம் திரையைத் திருப்பினாள். எருமை குளித்துக்கொண்டிருந்தது. ஓட்டோ பிடித்து இரண்டு பேரும் நீர்ப்பாசன அலுவலகத்துக்குப் போனோம். கடிதம் வாங்கும் ஜன்னலில் இருந்தவர், "அது சீல் அடிச்சு பெரிய ஐயாவின்ர மேசைக்குப் போயிட்டுது. ஆறு மனுவும் மேசைக்குப் போக ஆறு மாசம் எடுத்தது எண்டு நேற்றுத்தான் ஏச்சு வாங்கினனான். இதை உடன கொண்டுபோனன்" என்றார். அரச சேவை விரைவாக நடந்ததற்காக நான் கவலைப்பட்டது அந்த ஒருநாள்தான்.

சாரங்கா வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சாப்பிடவில்லை. ஒரு நேரம் சாப்பிட்டிருப்பாள். அவளுடைய கவலை கடையைப் பற்றியது அல்ல. "அந்தாளின்ர வயலைக் கெடுத்துப்போட்டன் ரீச்சர்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். சனிக்கிழமை ஜெயபுரத்துக்கே போய் வீரகத்தியிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் கையிலிருந்த மண்வெட்டியை வாய்க்கால் கரையில் சாய்த்து வைத்தாராம். பிறகு, "நான் சொன்னதுதானே பிள்ளை. நீயா இட்டுக்கட்டிப் போடேல்லையே" என்றாராம்.

திங்கள் கூட்டம் முடிந்தது. செவ்வாய் ஒன்றுமில்லை. புதன்கிழமை அளவுநாடாவோடு இரண்டு பேர் ஜெயபுரத்தில் இறங்கினார்கள். ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. நேராகப் பாலைமரம், அதற்குக் கிழக்கே மூன்றாவது குழாய். ஏழு மனுவில் எந்தக் குழாய், எங்கே, எப்போது வெடித்தது என்று சொன்னது ஏச்சு மனு ஒன்றுதான். ஆறு பணிவான மனுக்களும் மேலான கவனத்தை மட்டும் கேட்டிருந்தன. அதை ஐயா கொடுத்திருப்பார்.

ஐப்பசி மழைக்கு முன் புதுக் குழாய் போட்டார்கள். எருமைதான் நட்டப்பட்டது. அதற்கிடையில் வீரகத்திக்கு ஒரு பதிலும் வந்தது. அதைச் சாரங்கா லமினேற் பண்ணிக் கடையில் மாட்டியிருக்கிறாள்: 'தங்கள் கடிதத்தின் முதலாம் பந்தியில் குறிப்பிடப்பட்ட குழாய் திருத்தப்படும். இரண்டாம் பந்தியில், தலைமயிருக்குக் கறுப்படிக்க நேரமுள்ள எனக்கு வாய்க்கால் பார்க்க நேரமில்லை எனக் குறிப்பிட்டிருப்பது மேற்படி விடயத்துடன் தொடர்பற்றது என்பதை அறியத்தருகிறேன்.'

வீரகத்தி அலுவலகத்துக்குப் போய் அந்த ஒரு வரிக்காக மன்னிப்புக் கேட்டார். அப்படிச் சொன்னதாகத் தனக்கு நினைவே இல்லை என்று கடையில் வந்து வருத்தப்பட்டார். கோபத்தில் சொன்னது யாருக்கு நினைவிருக்கும், அவர் ஒரு கடும்வாய்க்காரர் என்பது ஊருக்கே தெரியும் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

இந்த வரியைத் தட்டச்சுச் செய்ததும் சாரங்கா கையை எடுத்துவிட்டாள். அவள் சொன்னதைச் சொன்னபடியே சேர்த்தால்தான் மிச்சத்தை அச்சிடுவாளாம்.

"ரீச்சர், தலைமயிர்க் கதையை வீரகத்தி மாமா சொல்லேல்ல. பத்து ஐம்பதுக்குச் சேவ் ஆன பிரதியில அந்த வரி இல்லை, பத்து ஐம்பத்திரண்டில இருக்கு. அந்த ரெண்டு நிமிசமும் அவர் வெளியில வெத்திலை துப்பிக்கொண்டு நிண்டவர். இதையும் போடு பிள்ளை எண்டு பக்கத்துக் கதிரையில இருந்து சொன்னது நீங்கள்."