என் தம்பிக்காக நான் செய்த மன்றாட்டு

முதலில் கோபம் வந்தது தம்பி மேல்தான். காலையில் அம்மாவுக்கு முகம் துடைத்துவிட வந்தவன், அவர் கையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, இப்டி செவந்து கீது?"

"கட்டில்ல இடிச்சிருக்கும்," என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தரமணிக்குக் கம்பெனி பஸ் ஓட்டப் போய்விட்டான்.

கட்டிலாவது மண்ணாவது. நான் கிள்ளியது. அம்மாவுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடம். வாயில் வைத்த சோற்றை என் மேலேயே துப்புவார். பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற எனக்கு, மயிலாப்பூரில் இந்த இரண்டு அறை வீட்டுக்குள் நுழைந்தாலே எரியும். முதல் முறை கிள்ளியபோது அழுதேன். பிறகு அழவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் "கோபப்பட்டேன் ஃபாதர்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்கினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். வாரத்துக்கு ஒரு வீடு என்று எங்கள் சர்ச்சின் பங்கு மக்கள் கூடுவோம். செபமாலை முடிந்ததும் ஒவ்வொருவராகத் தங்கள் மன்றாட்டைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்வார்கள். மகனுக்கு விசா, மருமகளுக்குக் குழந்தை, மூட்டுவலி. எந்த வீட்டில் என்ன புகைகிறது என்று தெரிய வேண்டுமானால் அங்கே போய் உட்கார்ந்தால் போதும்.

தம்பி எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு அம்மாவின் அறை வாசலில் நின்றான். கையில் பார்த்ததைச் சொல்லிவிடுவானோ என்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மனசத் திறந்து சொல்லுங்க டீச்சர்," என்றார் அன்பியத்தை நடத்தும் அம்மா.

முந்திக்கொண்டேன். "என் தம்பி குடிப்பழக்கத்துலேர்ந்து விடுதலை அடையணும்."

ஐந்தாறு வருடம் குடித்தவன்தான். ஆனால் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து, மூன்று வாரமாக, ஒரு சொட்டுத் தொடவில்லை. அது எனக்குத் தெரியும். பஸ் ஓட்டுகிறவனுக்கு இந்தப் பேர் வந்தால் வேலை போகும் என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். குடிகாரன் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? இருபது பேரும் உருகி உருகிப் பதில் சொன்னார்கள்.

அடுத்து அவன் முறை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"எங்கக்காவுக்கோசரம் வேண்டிக்கோங்க. அம்மாவ அது ஒண்டியா பாத்துக்கினு கீது. ரொம்ப களைச்சுப் போச்சு. ஆண்டவர் அதுக்கு பொறுமை குடுக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் கிளம்பியதும் அவன் மேல் பாய்ந்தேன்.

"எனக்கே பிச்சை போடுறியா? பாத்தத சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னா நிறுத்திருவியா?" என்று கேட்டுவிட்டு ரசம் சோறு பிசைந்தான். "நைட்டு சோறு இனிமே நான் ஊட்டறேன்கா."

என் வளையல் சத்தம் கேட்டாலே கையை இழுத்துக்கொள்ளும் அம்மா, அவனிடம் வாயைத் திறந்தார்.

அந்த வாரம் முழுக்க எரிந்துகொண்டே இருந்தேன். அவன் மேல், அம்மா மேல், பாதிப் பாவத்தைச் சொன்னதற்கே முழு மன்னிப்புக் கொடுத்த ஃபாதர் மேல். வாரம் முடிவதற்குள் கோபப்பட வேறு ஆள் மிச்சமில்லை, என்னைத் தவிர.

அடுத்த கூட்டம் பக்கத்துத் தெருவில். அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த தம்பி, செருப்புகள் கிடந்த வாசலிலேயே நின்றுகொண்டான். என் முறை வந்தது.

"தம்பிக்குத்தானே டீச்சர்?" என்று நடத்தும் அம்மாவே எடுத்துக் கொடுத்தார்.

"இல்லீங்க. அவன் குடியை விட்டு ஒரு மாசம் ஆகுது. போன வாரமே அது எனக்குத் தெரியும். இது எனக்கு. நான் எங்கம்மாவக் கிள்ளுறேன். அதுலேர்ந்து எனக்கு விடுதலை வேணும்."

நடத்தும் அம்மா செபப் புத்தகத்தில் பக்கம் தேடினார். வாசலிலிருந்து தம்பியின் குரல் மட்டும் வந்தது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."