ஒரு துண்டு, ஒரு பானை, இரண்டு ஊர் வெயில்

"இன்னாத்துக்குப்பா இந்த ஊர்ல ஊடு எடுத்தே? சொக்கா முதுவுல ஒட்டிக்கினு வரமாட்டேங்குது!"

சித்திரை பிறந்தால் போதும், நீங்கள் மூன்று பேரும் இப்படி என்னைப் பிடுங்கி எடுக்கிறீர்கள். போன வாரம் ஊத்துக்கோட்டையிலிருந்து உங்கள் தாத்தா வந்ததும் அவரையும் கட்சியில் சேர்த்துக்கொண்டீர்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்போது என்ன சொன்னார், உங்கள் அம்மா என்ன செய்தாள் என்பதை எழுதி வைத்துவிட்டால் வருஷா வருஷம் நான் வாய் வலிக்கச் சொல்ல வேண்டாம். நான் எட்டாவது வரைதான் படித்தவன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிடுங்கள்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்த புதிது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கம்பியாக உருட்டும் மில்லில் எனக்கு வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் இரண்டு மணிக்கு வெளியே. கல்யாணம் ஆகி நாலு மாதம் ஆகியும் நான் நாலு ஆண்களோடு ஒரே அறையில் கிடந்தேன். உங்கள் அம்மா ஊத்துக்கோட்டையில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நான் புருஷன். மற்ற ஆறு நாளும் நான் யாரோ ஒருவன்.

எளாவூரில், லாரிகள் வரிசையாக நிற்கும் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு வீடு காலியாக இருந்தது. நாம் இப்போது இருக்கும் இதே வீடுதான். பக்கத்துப் பாதியில் வீட்டுக்கார அம்மா இருந்தார். பங்குனியில் ஒரு நாள் உங்கள் அம்மாவையும் தாத்தாவையும் அழைத்து வந்து காட்டினேன். பஸ் வந்து சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. அவள் தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நெற்றிக் குங்குமம் கரைந்து, மூக்கின் மேல் ஓடி, முகவாயில் சொட்டாக நின்றது. மறுநாள் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"மாமா," என்றாள் அந்தத் தரையிலிருந்தே. அவள் என் மாமன் மகள், அதனால் அப்படித்தான் கூப்பிடுவாள். "இங்க குந்திக்கினு மூச்சு வுட்டா, கொளத்துக்குள்ள மூய்கிக்கினு மூச்சு வுடறா மாதிரி கீது. நான் வரமாட்டேன்."

அவள் வராவிட்டால் நான் அந்த நாலு பேரோடு கிடந்து, பஸ்ஸில் போய்வந்தே கிழவனாகிவிடுவேன். என் மாமனார், அதாவது உங்கள் தாத்தா, ஆனந்தத்தில் தொடையைத் தட்டினார்.

"எங்க வெயிலு நேர்மையான வெயிலு மாப்ளே! மூஞ்சிக்கு நேரா அடிக்கும். நெழலுக்கு ஒதுங்கினா வுட்டுட்டுப் பூடும். உங்க ஊரு புயுக்கம் அப்டியா? நெழலுக்கும் பின்னாலயே வந்து சொக்காய்க்குள்ள பூந்துக்குது!"

"எங்க ஊர்ல கடல் காத்து வரும் மாமா."

"வரும் வரும். வந்து இன்னாத்தைக் காய வெச்சுது?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு ரோஷம் வந்தது. பார்த்துவிடுவோம் என்றேன். ஒரே துண்டு, ஒரே பானை, ஒரே கட்டு அப்பளம். இரண்டு ஊரிலும் வைத்துப் பார்ப்போம். எந்த ஊர் ஜெயிக்கிறதோ அங்கே குடித்தனம். உங்கள் அம்மா உடனே கையை நீட்டி என் உள்ளங்கையில் ஓங்கி அடித்தாள். பந்தயம் நிச்சயமாயிற்று.

அதிலிருந்து மூன்று வாரம் நான் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊத்துக்கோட்டைச் சந்தையில் வாங்கிய மண்பானையை மடியில் வைத்துக்கொண்டு வாராவாரம் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன். கண்டக்டருக்கு நான் பழகிப்போனேன்.

"இன்னா நைனா, கொயந்த தூங்குதா?" என்று பானையைத் தட்டுவார். பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டு பானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

என்னிடம் கைக்கடிகாரம் கிடையாது. அதனால் ஊத்துக்கோட்டையில் மாமனாரின் வெற்றிலையை வைத்து நேரம் பார்த்தோம். துண்டை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டதும் அவர் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுவார். இரண்டாவது வெற்றிலை தீர்வதற்குள் துண்டு காய்ந்து அப்பளமாகிவிடும். எளாவூரில் வெற்றிலை போட ஆள் இல்லை. வாசலில் நின்று லாரிகளை எண்ணினேன். நாற்பத்தொரு லாரி போன பிறகும் துண்டைப் பிழிந்தால் ஈரம் கசிந்தது.

வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, அடுப்புல பால வெச்சவனாட்டம் துண்டயே பாத்துக்கினு நிக்கறே?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவரே உள்ளே போய் என் அப்பளத்தைப் பொரித்துக் கொண்டுவந்தார். ஊத்துக்கோட்டையில் சாப்பாடு முடியும்வரை நொறுங்கிய அதே கட்டு அப்பளம், இங்கே பத்தாவது லாரிக்குள் கைக்குட்டைபோல் மடிந்தது. பானைத் தண்ணீரைச் சொல்லவே வேண்டாம். அங்கே பல் கூசியது. இங்கே அதில் முகம் கழுவலாம், அவ்வளவுதான்.

ஏன் இப்படி? எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். காற்றுக்கும் தாகம் உண்டு. ஊத்துக்கோட்டைக் காற்று வறண்ட காட்டின் மேல் நடந்து தாகத்தோடு வருகிறது. துண்டின் ஈரம், பானையின் வெளிப்புறம் கசியும் தண்ணீர், நம் வேர்வை, எது கிடைத்தாலும் குடிக்கிறது. குடித்துவிட்டுப் போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. எளாவூரில் அடிக்கும் கடல்காற்று வழியிலேயே வயிறு முட்டக் குடித்துவிட்டு வருகிறது. நம் வேர்வையை அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அதற்காக ஊத்துக்கோட்டை சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானம் அங்கே உதடு வெடிக்கும். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டால் கை பழுக்கும். காய்ச்சின இரும்போடு வேலை செய்கிற நானே, "ஐயோ" என்று கையை உதறினேன். ஆனால் பந்தயத்தில் தாழ்ப்பாளைச் சேர்க்கவில்லையே.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் முழுசாகத் தோற்றிருந்தேன். வீட்டுக்கார அம்மா வேறு, "திங்கக்கெயம மத்தியானத்துக்குள்ள ஒரு வார்த்த சொல்லிடுப்பா, லாரி ஆபீஸ் கிளார்க்கு கேட்டுக்கினு கீறாரு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நான் இத்தனையையும் குறித்து வைத்திருந்த நோட்டை உங்கள் அம்மா எடுத்து உரக்கப் படித்தாள்.

"ஞாயிறு காலை, ஊத்துக்கோட்டை, துண்டு, வெத்தல ரெண்டு. செவ்வாய் சாயங்காலம், எளாவூர், துண்டு, லாரி நாப்பத்தொண்ணு, இன்னும் ஈரம்." நிறுத்தினாள். "வெத்தலைய லாரியால எப்டி மாமா வகுக்கறது?"

மாமனார் புரையேறிச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். புரட்டுவது மெதுவாயிற்று.

"மாமா, எளாவூருக்குக் காலைலன்னு ஒண்ணுகூட எய்தலயே?"

"காலைல நான் ஷிப்டுல கீறேனே."

"எங்க ஊருக்கு சாயங்காலம்னு ஒண்ணுமில்லயே?"

"சாயங்காலம் நான் பஸ்ல கீறேனே. பானையோட."

அவள் நோட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் மெல்ல உறைத்தது. ஒரு ஊரைக் காலையில் மட்டும் பார்த்தேன், இன்னொரு ஊரைச் சாயங்காலம் மட்டும் பார்த்தேன். எனக்கு ஷிப்டு ஒழியும் நேரத்தில்தான் வெயில் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், முட்டாள்! அவள் முதல் முதலாக வீட்டைப் பார்த்ததும் மூன்று மணிக்குத்தானே!

"நைனா, இந்தப் பந்தயம் செல்லாது," என்றாள் அவள் தன் அப்பாவிடம்.

"இன்னாது? ஜெயிச்சாச்சு மே!"

"இது திருட்டு ஜெயிப்பு நைனா. நானே போயி காலைலருந்து பாத்துட்டு வரேன்."

ஜெயித்த கட்சியே ஜெயித்தது செல்லாது என்று சொல்லி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்று பஸ்ஸில் பானை அவள் மடியில் இருந்தது. கண்டக்டர் எங்களைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், "கொயந்தைக்கு அம்மா கெடச்சுட்டாங்களா!" என்றார். அவள் முகம் சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்த பஸ் எளாவூரையும் தாண்டி அப்படியே கல்கத்தாவரைக்கும் போகலாம் என்று இருந்தது.

அவளை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு நான் அறைக்குப் போனேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷிப்டு. அவள் அங்கே துண்டை நனைத்துக்கொண்டிருப்பாள், நான் இங்கே உலைக்கு முன்னால். என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? மில்லின் மேற்குச் சுவர்த் திறப்பில் ஒரு சாக்குப் படுதா உண்டு. ஒன்பது மணிக்கு அது உள்பக்கமாக உப்பி நின்றது. மேற்கிலிருந்து காற்று! ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் காற்று! இத்தனை மாதமாக அந்தப் படுதா என் கண் முன்னால்தான் உப்பிக்கொண்டு இருந்திருக்கிறது. இடுக்கியைப் பிடித்துக்கொண்டு நான் இளிப்பதைப் பார்த்து மேஸ்திரி, "இன்னாடா, உலைக்கு வேடிக்க காட்டறியா?" என்று அதட்டினார்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும் ஓடினேன். ரயிலைப் பிடித்து, எளாவூரில் இறங்கி, அங்கிருந்தும் ஓடினேன். சொல்லவேண்டிய அந்த ஒரு வார்த்தைக்கு மத்தியானம்வரைதானே தவணை. கிளார்க்கின் சாமான் வந்து இறங்கியிருந்தால்?

வாசலில் யாரும் இல்லை. வேலியில் துண்டு மொடமொடவென்று தொங்கியது. உள்ளே டொக் டொக் என்று சத்தம். உங்கள் அம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, அம்மிக் குழவியால் மேற்குச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மா கதவில் சாய்ந்து நின்றார்.

"கிளார்க்கு வந்தாருப்பா. உன் பொண்டாட்டி ஆணி அடிக்கறதப் பாத்துட்டு அப்டியே திரும்பிப் பூட்டாரு."

உங்கள் அம்மா பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு நீட்டினாள். குடித்தேன். பல் கூசியது!

"காலைல மேல்காத்து மாமா. எங்க ஊரு காத்தேதான், கொஞ்சம் களைச்சுப்போயி வருது. பதினாலு லாரில துண்டு காஞ்சிடுச்சு. பானைய மேற்கு ஜன்னல்ல வெச்சேன். உச்சி சாயறப்ப காத்து திரும்பிச்சு. உடனே பானைய உள்ள தூக்கியாந்து மூடிட்டு, அந்த ஜன்னல சாத்திட்டு, கெயக்குக் கதவத் தொறந்துட்டேன். காலைல ஊத்துக்கோட்ட, மத்தியானத்துக்கு மேல எளாவூரு. எந்த ஜன்னல எப்பத் தொறக்கணும்னு தெரிஞ்சா போதும்."

"வேர்க்குரு?"

"அது வரும். வந்தா நீ வெசிறு."

பிள்ளைகளே, அன்றிலிருந்து விசிறிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் தப்பான நேரத்தில் தப்பான ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஊரைத் திட்டாதீர்கள்.

"இன்னா மாமா, செல மாதிரி நிக்கறே? ஆணி அடிச்சாச்சு. கொடி கட்டக் கயிறு எங்க?"

கயிறா! எத்தனை முழம் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் கடைக்கு ஓடினேன். கிணற்றுக்குப் போதுமான கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தேன். அவள் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கொடிக்குப் போக மீந்த கயிற்றைச் சுருட்டிப் பரணில் போட்டோம். அடுத்த சித்திரைக்கு முன்பே உங்களில் மூத்தவளுக்குத் தூளி கட்ட அதை எடுத்தோம். தூளியைக் காலையில் மேற்கு ஜன்னலோரம் கட்டுவோம், மத்தியானம் அவிழ்த்துக் கிழக்குக் கதவருகே கட்டுவோம்.