ஒரு பக்கத்து அம்பு

டிரேசிங் தாள் நழுவுகிறது. இடது கட்டைவிரல் அதை அழுத்திப் பிடிக்க, வலது கைப் பென்சில் சூரியனின் விளிம்பை வரைகிறது. பிறகு அதிலிருந்து எழும் ஒளி வளையங்களை. பாதியில் யசோதா தாளைத் தூக்கி அடியிலுள்ள படத்தைப் பார்க்கிறார். அழிக்கிறார். ஜன்னல்வரை நடந்துவிட்டு வந்து, அதே கோட்டை அதே இடத்தில் போடுகிறார்.

யசோதாவால் உட்கார முடியாது. டீயை நின்றுகொண்டே குடிப்பார். பஸ் சிக்னலில் நின்றால் இறங்கி நடந்துவிடுவார். இந்த இரண்டாயிரமாம் ஆண்டில் சூரியனும் அப்படித்தான், ஓயாமல் வெடிக்கிறது. செயற்கைக்கோள் எடுத்த எக்ஸ்ரே படங்களில் அந்த வெடிப்புகளை ஆராய்வது அவர் வேலை. எதிரெதிரான காந்தக் கோடுகள் நெருங்கி, அறுந்து, ஜோடி மாறி இணைவதால் வருபவை அவை. ஆங்கிலத்தில் ரீகனெக்‌ஷன். அவர் குடியிருக்கும் பெங்களூர் மர்பி டவுனில் அதற்கு வேறு பொருள்.

"ஏம்மா யசோதா, நீ ரீகனெக்‌ஷன் ஆபீஸ்தானே? எங்க வீட்டு கரண்ட் லைனைக் கட் பண்ணிட்டான். உங்க சாருக்குச் சொல்லேன்" என்றார் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி.

"அது வேறக்கா. சூரியன்ல நடக்கிறது."

"அங்கயும் பில்லு கட்டலயா?"

காந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. வளையங்கள் இருபக்கமிருந்தும் உள்ளே நகர்வதைக் காட்டினால் அது கோடுகள் இணைவதற்கு நல்ல சாட்சி. திட்டம் இந்த மாதம் முடிகிறது. நீட்டிப்புக் கிடைக்காவிட்டால் யசோதாவின் வேலையும் போய்விடும். "வளையம் நகருதுன்னு ரெண்டு பக்கமும் அம்பு போட்டுக் குடும்மா, நீட்டிப்பு வாங்கிடலாம்" என்றிருந்தார் திட்டத் தலைவர் மைக்கேல்ராஜ்.

செயற்கைக்கோள் லேசாக ஆடினாலும் படம் முழுக்க நகர்ந்ததுபோல் தோன்றும். அதனால் அடுத்தடுத்த நேரத்துப் படங்களை வரைந்த ஒவ்வொரு தாளையும் சூரிய விளிம்போடு விளிம்பு பொருத்திய பிறகே வளையங்களை ஒப்பிடுவார். பொருத்தினால் இடப்பக்கம் நகர்கிறது. வலப்பக்கம் அசையவில்லை. மறுபடி பிரித்தார், மறுபடி அடுக்கினார்.

"மேடம், தோசை மாதிரி எத்தினி வாட்டி திருப்புவீங்க?" என்றான் அடுத்த மேசை நாணு. "வெந்துடுச்சு, எடுங்க."

"ஒரு பக்கம்தான் நாணு வெந்திருக்கு."

மாலையில் மைக்கேல்ராஜ் படத்தைப் பார்த்தார். இடப்பக்கம் ஓர் அம்பு.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"அந்தப் பக்கம் நகரல சார்."

"உன் வேலைக்கும் சேத்துத்தாம்மா சொல்றேன். லேசா ஒண்ணு போட்டுடு." தம் பேனாவை நீட்டினார்.

யசோதா பேனாவை வாங்கினார். வலப்பக்கத்தை அப்படியே விட்டு, படத்தின் அடியில் தம் பெயரை எழுதி, தாளை அவர் கையில் கொடுத்தார்.