பவுசு வரியும் ஐந்நூற்றொரு ரூபாய் மொய்யும்

சில வருடங்களுக்கு முன் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவில் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் முதலாளிகள் வரம்புக்கு மேல் செலவு செய்தால் ஆடம்பர வரி கட்ட வேண்டுமாம். அந்தப் பணம் வரம்புக்குள் நின்ற அணிகளுக்குப் பங்காகப் போகுமாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பரணிலிருந்து தொண்ணூற்றைந்தாம் வருட டைரியை எடுத்தேன். அந்த வரியை நாங்கள் கோயமுத்தூரில் அப்போதே வசூலித்திருக்கிறோம். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பவுசு வரி.

எனக்கு அப்போது வயது இருபத்தாறு. கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். பட்டறைக்குப் பின்னால் செம்மண் மைதானம் ஒன்று போட்டு, போர்வெல் குழாயை வெல்டிங் வைத்துக் கம்பங்கள் நட்டு, எங்களை வைத்தே ஓர் அணி நடத்தினார். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, எட்டரைக்கு வேலை. நான் மாற்று ஆட்டக்காரன். ஒரு சீசன் முழுக்க நான் களத்தில் இருந்தது முப்பத்தொரு நிமிடம் என்று டைரியில் கூட்டிப் போட்டிருக்கிறேன். ஆனால் கையெழுத்து நன்றாக இருந்ததால் அணியின் செயலாளரும் நான்தான்.

இப்படி ஐந்து முதலாளிகள், ஐந்து அணிகள். குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் மைதானத்துக்கு ஒருவர் போய் ஆடுவோம். நான்கு அணிகள் எங்களைப் போலப் பட்டறை அணிகள். ஐந்தாவது மில் டீம். மில் முதலாளி சென்னையிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் ஆட்களை வரவழைத்தார். முதல் சீசனில் எங்களைத் தொண்ணூற்று நான்குக்கு முப்பத்தெட்டு என்று அடித்தார்கள். மற்ற நால்வரும் கூடி, வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு ஒரு சீசனில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது என்றார்கள். மில் முதலாளி சிரித்தார்.

"ஏனுங்க, பவுசு காட்டறதுக்கு வரி போடறீங்களா? போடுங்க. கட்டிப்போடறேன்."

போட்டார்கள். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் வரி. சேர்ந்த தொகை, வரம்பைத் தாண்டாத அணிகளுக்குச் சமபங்கு. விதிகளைக் கார்பன் வைத்து ஐந்து பிரதி எழுதியது நான். 'அணி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் எதுவும் செலவில் சேரும்' என்ற வரியும் என் வரிதான். ஷூ, லாட்ஜ் வாடகை என்று ஒவ்வொன்றாக அடுக்காமல் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கிவிட்டதில் எனக்கு அன்று பெருமை.

அந்தச் சீசனில் எங்களுக்குப் பவுசு வரி மிகவும் தேவைப்பட்டது. அடுத்த வருடத்திலிருந்து சிமெண்டுத் தளம் உள்ள மைதானத்தில்தான் ஆட்டம் நடத்தலாம் என்று ஐவரும் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் ஒருவருடையதுதான் மண் தரை. முதலாளி தன் கையிலிருந்து ஜல்லியும் மணலும் இறக்கிவிட்டார். சிமெண்டுக்கும் கூலிக்கும் முப்பதாயிரம் வேண்டும். அது மில் டீமின் வரிப் பங்கிலிருந்து வரவேண்டும். வராவிட்டால் எங்கள் மைதானத்தில் ஆட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சுவரேறி உட்கார்ந்து எங்களைத் திட்டவும் கைதட்டவும் செய்த ஒரு வீதி சனத்துக்கும் ஆட்டம் கிடையாது.

அதனால் மில் டீம் புதிதாக ஓர் ஆளை இறக்கும்போதெல்லாம் நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆறே கால் அடி உயரத்தில் ஒருவர் ஜீப்பிலிருந்து தலையைக் குனிந்து இறங்குவார்.

"இந்தாளு எத்தனை மூட்டை சிமெண்டுடா?" என்பான் எங்கள் லேத் ஆபரேட்டர்.

"ஐம்பது மூட்டை தேறும்."

"அப்ப நல்லா ஆடட்டும் உடு. காலு கீலு சுளுக்கி ஊருக்குத் திரும்பிப் போயிறப் போறாரு."

எங்களிடமும் வெளியூர் ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார், ஒரே ஒருவர். தாராபுரத்துப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து அவரை விளையாட்டு விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தவர்கள். என்னைவிட மூன்று வயது இளையவர், என்னை அண்ணா என்பார். காந்திபுரத்தில் லாட்ஜில் தங்கி, முதல் டவுன் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வந்துவிடுவார். அவருக்கான செலவை நான் வாராவாரம் கூட்டிவந்தேன். ஜனவரி நடுவில், சீசன் முடியும்வரை இனி ஆகக்கூடியதையும் சேர்த்துக் கூட்டினால் இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. வரம்புக்கு முந்நூற்று அறுபது மிச்சம்.

பொங்கல் முடிந்து அவருக்குக் கல்யாணம். தாராபுரத்தில் சர்ச்சில் தாலி, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. நாங்கள் வேன் பிடித்துப் பதினான்கு பேர் போனோம். மொய் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் பந்தியில் உட்காரப் போனபோது மாப்பிள்ளையே என்னிடம் வந்தார்.

"அண்ணா, ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. உங்க எழுத்து முத்து முத்தா இருக்குமுங்க."

உட்கார்ந்தேன். ஏழாவது ஆளாக என் முதலாளி வந்தார். வேடிக்கைக்காக, தெரியாதவரைக் கேட்பது போலக் கேட்டேன்.

"பேரு சொல்லுங்க, ஊரு சொல்லுங்க."

"பம்ப்செட் டீமு, கோயமுத்தூரு. ஐநூத்தியொண்ணு."

"உங்க பேருங்க?"

"என்ற பேருல எழுதுனா நானு மட்டும் வந்தாப்ல ஆயிரும் கண்ணு. வேன்ல பதினாலு பேரு வந்திருக்கறமல்லொ? டீமுன்னே எழுது."

அவருக்குப் பின்னால் வரிசையில் மில் முதலாளி நின்றிருந்தார். அவரும் அழைப்பின் பேரில் வந்திருந்தார்.

"எழுதுங்க தம்பி, எழுதுங்க. டீமுக்கும் ஒரு நாளைக்குக் கல்யாணம் காச்சி வராமயா போயிரும்? அன்னைக்குத் திருப்பிச் செய்யோணுமல்லொ?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். 'பம்ப்செட் டீம், கோயமுத்தூர் – ரூ. 501.' அடுத்து மில் முதலாளி தன் சொந்தப் பெயரைச் சொன்னார். அதையும் எழுதினேன்.

திரும்பும்போது வேன் குண்டடம் தாண்டியதும் எனக்கு உறைத்தது. முந்நூற்று அறுபதுதான் மிச்சம் இருந்தது. பல்லடத்தில் டீக்கு நிறுத்தியபோது முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வரம்பைத் தாண்டிட்டமுங்க. நூத்தி நாப்பத்தொண்ணு."

"எப்படி?"

"மொய்யிங்க."

"மொய்யி செலவா? அது போயிட்டு வர்ற காசு."

"உங்க பேர்ல எழுதியிருந்தா நம்ம கணக்கே இல்லீங்க. டீமு பேர்ல எழுதிட்டமுங்க. டீமு ஆட்டக்காரருக்குக் குடுத்தது எதுவானாலும் செலவுன்னு விதியில இருக்குது."

"அந்த விதியை எவன் எழுதுனான்?"

அவர் டீயைக் குடித்து முடித்தார். "செரி, பாக்கலாம்" என்றார்.

மார்ச்சில் கணக்குக் கூட்டம். அவிநாசி ரோட்டில் ஓர் ஓட்டல் மாடியில், ஐந்து முதலாளிகள், ஐந்து செயலாளர்கள், தலைவராக ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். மில் டீமின் கணக்கு முதலில். வரம்புக்கு மேல் ஒரு லட்சத்து இருபதாயிரம். மில் முதலாளி காசோலையைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். நான்கு அணிகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு முப்பதாயிரம். எங்கள் சிமெண்டு, எங்கள் கூலி, காசு குறையாமல்.

என் முறை வந்தது. எழுந்து படித்தேன். சம்பளம், லாட்ஜ், ஷூ, பஸ், சாப்பாடு. மொத்தம் இருபத்தொன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது. மொய்யை விட்டுவிட்டேன். முதலாளி என்னை விடச் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன். முந்தின நாள் அந்தத் தாளை மூன்று முறை எழுதிக் கிழித்திருந்தேன்.

காபி டம்ளரை வைத்துவிட்டு மில் முதலாளி கண் சிமிட்டினார்.

"தம்பி, மொய்யி எங்கீங்க?"

அவர் கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "என்ன மொய்? யார் பேர்ல?"

'முதலாளி பேர்லீங்க' என்று சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். மொய் நோட்டைப் பார்க்கத் தாராபுரம் வரை யாரும் போகப்போவதில்லை. என் முதலாளி கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். தாளைத் தன் பக்கம் இழுத்தார். என் வரிசையான எழுத்துக்குக் கீழே, கோணல் மாணலாக, 'மொய் 501' என்று எழுதினார்.

"டீமு பேர்லதானுங்க. நாஞ்சொல்லித்தான் தம்பி எழுதுச்சு. கூட்டிப்போடுங்க."

மில் முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "மாப்ள, நா சும்மா வெளையாட்டுக்குக் கேட்டனுங்க. அதைப் போயி..."

"நீங்க வருசா வருசம் வாயைத் தொறக்காம கட்டறீங்க. நாங்க நூத்தி நாப்பத்தொண்ணு கட்டமாட்டமா?"

கட்டினோம். நூறு ரூபாய்த் தாள் ஒன்று, இருபது இரண்டு, ஒரு ரூபாய் நாணயம் ஒன்று. நாங்கள் பங்கிலிருந்து விலகியதால் மற்ற மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு நாற்பதாயிரம் போயிற்று. எங்கள் வரியிலிருந்து ஆளுக்கு நாற்பத்தேழு ரூபாய்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். லட்சுமி மில் சிக்னலில் நின்றபோது அவர் திரும்பாமலே சொன்னார்: "எழுத்து நல்லாருக்குதுன்னு உன்னையப் போயி மொய் எழுத உக்கார வெச்சானே, அவனைச் சொல்லோணும்."

அடுத்த இரண்டு சீசன்கள் நாங்கள் சொந்த மைதானம் இல்லாத அணி. ஞாயிறுதோறும் யாருடைய மைதானத்துக்கோ போனோம். எங்கள் ஆட்டக்காரரை மில் முதலாளி இரண்டு மடங்கு சம்பளத்துக்குக் கூப்பிட்டார். அவர் வந்து தயங்கி நின்றபோது என் முதலாளி, "போ சாமி. குடும்பம் ஆயிருச்சு, என்னத்துக்கு யோசன பண்றே?" என்றார். ஜல்லிக் குவியல் மேல் தும்பைச் செடி முளைத்தது. மழையில் மணல் பாதி கரைந்துபோயிற்று. காலையில் பயிற்சி மட்டும் செம்மண்ணிலேயே நடந்தது. பந்தை ஒரு பக்கம் தட்டினால் ஒரு பக்கம் எழும்பும். அந்த மைதானத்தில் பழகியவனுக்கு எந்த மைதானமும் சுலபம் என்று லேத் ஆபரேட்டர் சொல்வான். எங்களுக்குத் தோல்விகள் மட்டும் சுலபமாக வந்தன.

தொண்ணூற்றேழு கோடையில் கிணறுகள் வற்றின. போர்வெல் மோட்டார் நன்றாக விற்றது. முதலாளி யாரிடமும் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை சிமெண்டு லாரியைக் கூட்டிவந்தார். இருபத்தேழு நாள் தண்ணீர் கட்டி ஆறவைத்தோம். திறப்புக்குப் பந்தல், கேசரி, காபி. மற்ற நான்கு முதலாளிகளும் வந்திருந்தார்கள். சுவரில் பழைய சனம்.

எங்கள் பழைய ஆட்டக்காரர் மில் டீமின் டிராக் பேண்ட்டோடு மொபெட்டில் வந்து இறங்கினார். பின்னால் மனைவி, மடியில் ஒரு வயதுப் பெண் குழந்தை. நேராக என்னிடம் வந்தார்.

"மொய் நோட்டு எங்கீங்கண்ணா?"

"இதென்ன கல்யாணமா?"

"டீமுக்கு இதை உட்டா வேற என்ன விசேசமுங்க வரப்போகுது?"

முதலாளி வேண்டாம் என்றார். அவர் விடவில்லை.

"அப்படிச் சொல்லாதீங்க. எங்கம்மா மொய் நோட்டை எடுத்து வெச்சுட்டு ரெண்டு வருசமாக் கேக்குது. அந்தக் கோயமுத்தூருக்காரங்களுக்கு எப்படா திருப்பிச் செய்வேன்னு."

ஸ்டோரிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வந்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, அவர் பெயர், ஊர், ரூ. 1001 என்று எழுதினேன். மில் முதலாளி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, என்ற ஆட்டக்காரன் உங்க டீமுக்குப் பணம் குடுக்கறான். இதுக்கு யாருங்க வரி கட்டறது?"

"அதுக்கு விதி இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. எழுதிக்கிழுதிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கேசரி சாப்பிடப் போனார்.

அன்று மாலை புதுத் தளத்தில் முதல் ஆட்டம் மில் டீமோடு. எங்களுக்கு மொய் வைத்தவர் எங்களுக்கு எதிராக இருபத்திரண்டு புள்ளி எடுத்தார். சுவரில் இருந்தவர்கள் அவரையும் திட்டினார்கள், எங்களையும் திட்டினார்கள்.

அந்த நாற்பது பக்க நோட்டில் இன்றுவரை அந்த ஒரு வரிதான் இருக்கிறது. நாங்கள் வைத்தது ஐந்நூற்றொன்று, அவர் திருப்பியது ஆயிரத்தொன்று. மேலே ஐந்நூறு எங்கள் பக்கம் கடனாக நிற்கிறது. கம்பெனி இப்போது இல்லை. அணி எப்போதோ கலைந்துவிட்டது. போன வாரம் தாராபுரத்திலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அன்று மொபெட்டில் மடியில் வந்த பெண்ணுக்கு. உறையின் மேல் 'பம்ப்செட் டீம், கோயமுத்தூர்' என்று எழுதி, கீழே என் விலாசம் போட்டிருக்கிறார்.

வேன் பேசிவிட்டேன். பன்னிரண்டு பேர் வருகிறார்கள். முதலாளிக்கு இப்போது முழங்கால் சரியில்லை, ஆனாலும் வருகிறார். மொய்யை டீம் பேரில்தான் எழுத வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது என்று இதுவரை இரண்டு முறை போன் செய்துவிட்டார்.