பாறைச் செதுக்கல்களின் நடுவே வெறுங்காலோடு

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து விடுமுறைக்கு ஹவாய் போன நானும் கணவரும், எரிமலைப் பாறைமேல் நெடுந்தூரம் நடந்து பழங்காலச் செதுக்கல்களைப் பார்க்கப் போனோம். மனித உருவங்களுக்கிடையே ஏராளமான சிறு குழிகள். பிள்ளைகள் நீண்ட நாள் வாழவேண்டுமென்று அவர்களின் தொப்புள்கொடியை வைத்த குழிகளாம்.

எனக்கு மெய்சிலிர்த்தது. சுற்றிப் பார்க்கும் மரப்பாதை தொடங்கும் இடத்திலேயே சப்பாத்தைக் கழற்றினேன்.

"என்னப்பா, வெயில் கொளுத்துது. போட்டுக்கொண்டு வாரும்," என்றார் கணவர்.

"கோயில் மாதிரி இடம். என்னால ஏலாது."

எங்கள் லண்டன் கோயிலில் காலுக்குக் கம்பளம். இங்கே பாதி வழியில் பலகை தோசைக்கல்லாகச் சுட்டது. துள்ளியதில் தடுமாறினேன், ஒரு கால் பாதைக்கு வெளியே போய்விட்டது. கீழே அந்தக் குழிகள். கணவர் பிடித்து இழுத்திராவிட்டால், கும்பிட வந்ததையே மிதித்திருப்பேன்.

லண்டன் பழக்கத்தில் கொண்டு வந்திருந்த மழைக்கோட்டை விரித்து என்னை அதன்மேல் நிறுத்திவிட்டு, அவர் சப்பாத்தை எடுக்க ஓடினார். எதிரே கைக்குழந்தையோடு ஒரு ஹவாய்க் குடும்பம் குழிகளை நோக்கித் தலைவணங்கி நின்றது. எல்லார் காலிலும் சப்பாத்து.

இப்போதெல்லாம் பிறருடைய புனித இடங்களுக்குப் போனால், முதலில் அந்த ஊர்க்காரரின் கால்களைப் பார்க்கிறேன். கும்பிடுவது பிறகுதான்.